விமான நிலையத்தில் தொடங்கும் மரணக்குறிப்புகள்

எமது மரண அறிவித்தல்களுக்கு ஒரு வாய்பாடு உண்டு. இன்ன ஊரைப் பிறப்பிடமாகவும் இன்ன நகரத்தை வதிவிடமாகவும் கொண்டவர். காலஞ்சென்ற இன்னார் தம்பதிகளின் பாசமிகு மகன். இன்னாரின் அன்புச் சகோதரன். இதைப் பார்த்துப் பார்த்துச் சலித்தவர்கள் நாம். முப்பத்தோராம் நாள் கல்வெட்டில் அதே விபரங்கள் வெண்பாவாக மறுபடி வரும்போது மெல்லச் சிரித்துவிட்டுப் பக்கத்தைப் புரட்டுகிறோம். (சொல்லாமல் சொல்லப்படும் சாதியும் அந்த வாய்பாட்டுக்குள்தான் ஒளிந்திருக்கிறது என்பது வேறு விடயம்.) ஆனாலும் அந்த வாய்பாடு ஒரு காரியத்தைச் செய்கிறது. இறந்தவர் யாரிடமிருந்து வந்தார், அவர் இறந்ததை யார் யாருக்குச் சொல்லவேண்டும், யாருக்கெல்லாம் அழ உரித்து உண்டு என்பதை அது பகிரங்கமாகப் பதிவு செய்கிறது.

கொரியாவிலிருந்து ஒரு பையனைத் தத்தெடுத்து வளர்த்து, அவனை இளவயதில் இழந்த ஐரோப்பிய, அமெரிக்கப் பெற்றோர்கள் எழுதும் நினைவுக் குறிப்புகளுக்கும் ஒரு வாய்பாடு உண்டு. அவை பெரும்பாலும் விமான நிலையத்தில் தொடங்குகின்றன. விமானம் தாமதமாகிறது. கூட்டி வந்த பெண்ணின் கையிலிருந்து பிள்ளை கைமாறுகிறது. யாரோ ஒரு படம் எடுக்கிறார்கள். அதற்கு முன்னாலிருந்த மாதங்களோ ஆண்டுகளோ ஒரே வசனத்தில் முடிந்துவிடும்: கண்டெடுக்கப்பட்டான், பெற்றோர் இல்லை. பிறகு முதற் பனி, உதைபந்தாட்டக் கழகம், பாடசாலைப் படங்கள், அவனுடைய சிரிப்பு. பிறகு மரணம். விபத்தாக இருக்கலாம், நோயாக இருக்கலாம், தானே தேடிக்கொண்டதாகவும் இருக்கலாம். இறுதியில், அவன் தமக்கென்றே பிறந்தவன், தமக்கென்றே அனுப்பப்பட்டவன் என்ற ஆறுதல். இந்த எழுத்து வகையையும், அதற்கு எதிராக நிற்கும் சில படைப்புகளையும் பற்றியே இங்கு பேச விரும்புகிறேன்.

அந்தப் பெற்றோரின் துயரத்தை நான் சந்தேகிக்கவில்லை. பெற்ற துயரம், வளர்த்த துயரம் என்று தராசில் வைத்துப் பார்ப்பது அசிங்கமான வேலை. எமது மரபில் சுவீகாரம் என்பதே சாவை முன்னிட்டு ஏற்பட்ட ஏற்பாடு. கொள்ளி வைக்கவும் பிண்டம் போடவும் ஒரு ஆண்பிள்ளை வேண்டும் என்பதற்காக அண்ணன் தம்பி பிள்ளையை எடுத்தார்கள். பிள்ளையைக் கொடுத்தவளும் அதே ஊரில்தான் இருந்தாள். சாவீட்டுக்கு அவளும் வருவாள். கொரியத் தத்தெடுப்பில் பெற்றவள் அந்த ஊரில் இல்லை, அந்தக் கண்டத்திலும் இல்லை. எல்லாவற்றையும் விட, காகிதத்திலேயே இல்லை. என் விமர்சனம் துயரத்தின் மீதல்ல. அந்தத் துயரம் எந்தக் காகிதத்தை நம்பித் தன் பிரதியை எழுதுகிறது என்பதே கேள்வி.

காகிதத்தின் கதை இது. 1955இல் அமெரிக்காவின் ஒரேகன் மாநிலத்து விவசாயி ஹரி ஹோல்ற், கொரியப் போரில் அநாதரவான எட்டுப் பிள்ளைகளைத் தத்தெடுத்தார். அதற்கென அமெரிக்கக் காங்கிரஸ் விசேட சட்டமே இயற்றவேண்டியிருந்தது. அவர் பெயரில் எழுந்த நிறுவனம் இந்தத் துறையின் மிகப் பெரிய பெயராகியது. போர் முடிந்து முப்பது வருடங்கள் கழித்துத்தான் உச்சம் வந்தது என்பதைக் கவனிக்கவேண்டும். 1985 என்ற ஒரே வருடத்தில் 8,837 பிள்ளைகள் தென்கொரியாவிலிருந்து வெளிநாடுகளுக்கு அனுப்பப்பட்டார்கள். அப்போது அங்கு போரும் இல்லை, பஞ்சமும் இல்லை. மூன்று வருடத்தில் ஒலிம்பிக் நடத்தப்போகும் நாடு அது. இந்தப் பிள்ளைகளில் மிகப் பலர் திருமணமாகாத இளம்பெண்களுக்குப் பிறந்தவர்கள். அவர்களுக்கு உதவுவதை விடப் பிள்ளையை அனுப்புவது அரசுக்கு மலிவு. அனுப்பும் நிறுவனத்துக்கோ அது வருமானம்.

வெளிநாட்டுக்கு அனுப்பவேண்டுமாயின் பிள்ளை அநாதையாக இருப்பது வசதி. ஆகவே அநாதைப் பதிவேடு ஒன்று உருவாக்கப்படும். கொரியாவின் பழைய குடும்பப் பதிவுமுறையான ஹோஜொக், ஆண்வழித் தலைவரின் கீழ் எல்லோரையும் அடுக்குவது. 2008இல்தான் அது ஒழிந்தது. எவருடைய பதிவிலும் இல்லாத குழந்தையை என்ன செய்வது? அந்தக் குழந்தையையே ஒரு புதிய குடும்பத்தின் தலைவராகப் பதிந்தார்கள். தாய் தந்தை என்ற இடங்கள் வெறுமை. ஆறுமாதக் கைக்குழந்தை ஒன்று, தன்னைத் தவிர வேறு எவருமில்லாத குடும்பத்தின் தலைவன்! குலத்துக்குரிய பூர்வீக ஊராக, சியோலின் பழைய பெயரான ஹன்யாங் என்பதையே பலருக்கும் எழுதிவிடுவார்கள். நினைவுக் குறிப்புகளில் வரும் ‘பிறப்பிடம்: சியோல்’ என்ற வரி இப்படியும் பிறந்திருக்கலாம்.

இந்த இடத்தில் டீயன் போர்ஷே லீமின் இரண்டு ஆவணப்படங்களையும் பேசியாகவேண்டும். 2000இல் வெளிவந்த ‘முதல் நபர் பன்மை’, 2010இல் வெளிவந்த ‘சா ஜுங் ஹீ விவகாரம்’. கலிபோர்னியக் குடும்பமொன்று சா ஜுங் ஹீ என்ற கொரியச் சிறுமிக்கு மாதாமாதம் பணம் அனுப்பி, கடிதமெழுதி, கடைசியில் அவளைத் தத்தெடுக்க முடிவு செய்கிறது. அதற்கிடையில் அவளுடைய தகப்பன் வந்து அவளை வீட்டுக்குக் கூட்டிச்சென்றுவிடுகிறான். ஏற்பாட்டைக் குழப்ப விரும்பாத அநாதை இல்லம், காங் ஒக் ஜின் என்ற வேறொரு சிறுமியை அதே பெயரில், அதே காகிதங்களோடு 1966இல் அனுப்பிவைத்தது. உண்மையைச் சொல்லக்கூடாது என்று அவளுக்கு எச்சரிக்கை வேறு. அவளுக்குக் கொரியாவில் தாய் உயிரோடு இருந்தாள். முதற் படத்தில் எனக்கு மறக்கமுடியாத இடம், விமான நிலையத்தில் அம்மா முதலில் வேறொரு பிள்ளையிடம் போய்விட்டதை வளர்ப்புச் சகோதரி சிரித்துக்கொண்டே நினைவுகூர்வது. அவள் குரலில் எந்தக் கபடமும் இல்லை. வந்த பிள்ளைகளில் எது தம்முடையதாக இருந்தாலும் அன்பு அதே அன்புதான் என்பது அவள் எண்ணம். அந்த அன்பின் பெருந்தன்மையும் அந்த வர்த்தகத்தின் அலட்சியமும் ஒரே சிரிப்பில் வந்து சேர்ந்துவிடுகின்றன. படத்தின் பலம் அதைக் கண்டிக்காமல் அப்படியே விட்டதில் இருக்கிறது.

இந்தச் சிறுமி பத்து வயதில் கலிபோர்னியாவில் இறந்திருந்தால் என்ன நடந்திருக்கும்? கல்லறையில் ஒரு அமெரிக்கப் பெயர். நினைவு மலரில் ‘சா ஜுங் ஹீ என்ற பெயரோடு எம்மிடம் வந்தவள்’ என்று ஒரு வரி. தகப்பனோடு வீடு திரும்பிய உண்மையான சா ஜுங் ஹீ கொரியாவில் வளர்ந்துகொண்டிருக்க, அவளுக்கு இங்கே ஒரு கல்லறை. காங் ஒக் ஜின்னின் தாய்க்கோ கல்லறையும் இல்லை, செய்தியும் இல்லை. அவள் பிழைத்தாள், படமெடுத்தாள், ஆகவே இது எமக்குத் தெரிகிறது. இளவயதில் இறந்த பையன்கள் படமெடுக்கவில்லை.

இது ஒரு தனி விபத்தாக இருந்திருந்தால் இவ்வளவு எழுதத் தேவையில்லை. 11 நாடுகளிலிருந்து 367 தத்துப்பிள்ளைகள் கொடுத்த மனுக்களை ஆராய்ந்த தென்கொரியாவின் உண்மை மற்றும் நல்லிணக்க ஆணைக்குழு, 2025 மார்ச்சில் முதற்கட்டமாக 56 பேரை மனித உரிமை மீறலுக்கு உள்ளானவர்களாக ஏற்றுக்கொண்டது. பொய்யான அநாதைப் பதிவுகள், மாற்றப்பட்ட அடையாளங்கள், பெற்றோரின் முறையான சம்மதமின்மை, எடுப்பவர்களைப் பற்றிய கண்துடைப்பான விசாரணை ஆகியவற்றை அது உறுதிசெய்தது. அனுப்புவதற்குத் தயாராக இருந்த பிள்ளை இறந்துபோனாலோ, உறவினர் வந்து மீட்டுக்கொண்டாலோ, அதன் காகிதத்தில் வேறு பிள்ளையை அனுப்பிய வழக்கமும் அங்கு வெளிச்சத்துக்கு வந்தது. அதாவது, தத்துப்பிள்ளைகளில் சிலர் உயிரோடு இருக்கும்போதே இறந்த ஒரு பிள்ளையின் பெயரைச் சுமந்து வாழ்ந்தார்கள். 2025 ஒக்டோபரில் ஜனாதிபதி லீ ஜே-மியுங் மன்னிப்புக் கேட்டார். 1998இல் கிம் டே-ஜுங்கும் கேட்டிருந்தார். மன்னிப்புக்கும் மன்னிப்புக்கும் இடையில் 27 வருடங்கள்.

இறப்புகளைப் பற்றியும் சொல்லவேண்டும். 2002இல் ‘லான்செற்’ மருத்துவ இதழில் ஒரு சுவீடிய ஆய்வு வெளிவந்தது. எழுபதுகளில் பிறந்து வெளிநாடுகளிலிருந்து சுவீடனுக்குத் தத்தாக வந்த 11,320 பேரைப் பற்றியது. அவர்களில் கொரியாவிலிருந்து வந்தவர்கள் ஏராளம். சமூகப் பொருளாதார நிலைமைகளைச் சரிப்படுத்திப் பார்த்தபின்னும், பொது மக்களோடு ஒப்பிடுகையில் தற்கொலையால் இறக்கும் வாய்ப்பு அவர்களுக்கு 3.6 மடங்காக இருந்தது. பெரும்பான்மையோர் நல்லபடியாகவே வாழ்கிறார்கள் என்பதையும் அதே ஆய்வு சொல்கிறது. அதை மறைத்துவிட்டு எழுதுவது நேர்மையாகாது. ஆனால் இந்தச் சிறுபான்மைக்குள் விழுந்த ஒவ்வொருவனும் யாரோ ஒருவருடைய நினைவுக் குறிப்பில் ‘காரணம் தெரியாத துயரம்’ என்ற சொற்களோடு முடிகிறான். காரணம் தெரியாது என்பது பாதி உண்மை. காரணத்தைத் தேடுவதற்குரிய பக்கங்கள் அந்தக் குறிப்பில் முன்னரே நீக்கப்பட்டுவிட்டன என்பது மீதி.

பெல்ஜியத்துச் சித்திரக்கதையாளர் ஜுங் 2007இல் வெளியிட்ட ‘தோலின் நிறம்: தேன்’ இந்தப் பக்கங்களை மீள எழுத முயன்ற நூல். 2012இல் லோறான் புவாலோவோடு சேர்ந்து அதைத் திரைப்படமாகவும் ஆக்கினார். தலைப்பு அவருடைய தத்தெடுப்புக் கோப்பிலிருந்து எடுக்கப்பட்டது. தோலின் நிறம் என்ற கேள்விக்கு எதிரே ‘தேன்’ என்று யாரோ நிரப்பியிருந்தார்கள். சியோல் தெருவில் ஐந்து வயதில் ஒரு பொலிஸ்காரரால் கண்டெடுக்கப்பட்டு, 1971இல் பெல்ஜியத்தில் ஏற்கெனவே நான்கு பிள்ளைகளுள்ள குடும்பத்துக்கு வருகிறான். படத்தில் குடும்பத்தின் பழைய சுப்பர் 8 படச்சுருள்களும் வரைந்த காட்சிகளும் மாறிமாறி வருகின்றன. தகப்பன் எடுத்த படச்சுருளில் எல்லோரும் சிரிக்கிறார்கள். மகன் வரைந்த காட்சியில் தாய் அவனைக் கூடைக்குள் இருக்கும் அழுகிய அப்பிள் என்கிறாள். மற்ற அப்பிள்களும் கெட்டுவிடுமாம்.

வளர்ந்து வரும்போது கொரியன் என்ற அடையாளத்தை வெறுத்து யப்பானைக் காதலிக்கிறான். பிறகு சோற்றில் தபாஸ்கோவை ஊற்றி ஊற்றித் தின்று, வயிறு புண்ணாகி, சாவின் விளிம்புக்குப் போய் ஆஸ்பத்திரியில் கிடக்கிறான். சோறும் உறைப்பும். எமக்கு இதில் விளக்கம் தேவையில்லை. அந்தப் பையன் அன்று இறந்திருந்தால், உறைப்பு அதிகம் தின்னும் விசித்திரமான பழக்கமுள்ள, குறும்புக்காரப் பிள்ளையாக நினைவுகூரப்பட்டிருப்பான். அவன் என்ன தேடினான் என்று எழுத ஆள் இருந்திருக்காது. படத்தின் மிகச் சிறந்த பகுதி இதுதான் என்பது என் அபிப்பிராயம். தாயோடு சமாதானமாகும் முடிவு எனக்கு ஒப்பவில்லை. உண்மையில் அப்படி நடந்திருக்கலாம். ஆனால் படம் அதை ஒரு நிறைவாகக் காட்டும்போது, தன்னைப்போல் பிழைக்காத மற்றக் கொரியத் தத்துப்பிள்ளைகளைப் பற்றி ஜுங் அங்குமிங்கும் சொல்லிச்சென்ற கசப்பான வரிகள் அடியில் அமுங்கிவிடுகின்றன. அந்த வரிகளுக்காகவே தனியாக ஒரு நூல் எழுதப்பட்டிருக்கவேண்டும்.

பிழைக்காதவர்களில் ஒருவர் 2017 மே மாதம் சியோலுக்கு வடக்கே ஒரு அடுக்குமாடியின் 14ஆவது மாடியிலிருந்து குதித்து இறந்தார். வயது 42. 1983இல் எட்டு வயதளவில் பிலடெல்பியாவிலுள்ள குடும்பமொன்றுக்குத் தத்தாகப் போனவர். எவரும் அவருக்குக் குடியுரிமை எடுத்து முடிக்கவில்லை. தத்துப்பிள்ளைகளுக்குத் தானாகவே குடியுரிமை வழங்கிய 2000ஆம் ஆண்டின் அமெரிக்கச் சட்டம், அது நடைமுறைக்கு வந்த 2001 பெப்ரவரியில் 18 வயதைத் தாண்டியிருந்தவர்களை வெளியே விட்டுவிட்டது. போதைப்பழக்கம், குற்றப்பதிவுகள், 2012இல் நாடுகடத்தல். மொழி தெரியாத, முகம் தெரியாத ‘தாய்நாட்டில்’ ஐந்து வருடங்கள். உலகப் பத்திரிகைகள் அவருடைய பெயரை எழுதின. குடும்பத்தவர்கள் இருக்கிறார்கள் என்பதால் நான் எழுதவில்லை. நாடுகடத்தல் கடிதம் என்றால் என்னவென்று இந்தச் சஞ்சிகையை வாசிப்பவர்களுக்குத் தெரியும். ஆனால் எம்மில் ஒருவரைத் திருப்பி அனுப்பினால் அங்கே திட்டவாவது ஒரு அக்கா இருப்பாள். ஒற்றையாள் குடும்பத்தின் தலைவராகப் பதியப்பட்டவர் யாரிடம் போவது? வழமையான நினைவுக் குறிப்பில் இவருக்கு இடமில்லை. விமான நிலையத்தில் தொடங்கும் கதை மறுபடி விமான நிலையத்துக்கே வந்தால், ‘தமக்கென்றே அனுப்பப்பட்டவன்’ என்ற வசனத்தை எப்படி எழுதுவது?

இன்னொரு மரணம் வேறு வகையான நினைவை உருவாக்கியது. 2013 ஒக்டோபரில் கொரியாவிலிருந்து மேரிலாந்துக்குக் கொண்டுசெல்லப்பட்ட ஹியோன்சு என்ற மூன்று வயதுப் பையன், 2014 பெப்ரவரியில், நான்கு மாதங்கள்கூட ஆகாத நிலையில், தத்தெடுத்த தகப்பனின் அடியால் இறந்தான். தகப்பன் குற்றத்தை ஒப்புக்கொண்டு 2016இல் 12 ஆண்டுச் சிறைத்தண்டனை பெற்றார். இந்தப் பிள்ளைக்காகத் துக்கம் காத்தவர்கள் முன்பின் அறியாத மற்றத் தத்துப்பிள்ளைகள். அவனுக்குச் சூட்டப்பட்ட புதுப் பெயரை விட்டுவிட்டு, கொரியப் பெயராலேயே அவர்கள் அவனை அழைத்தார்கள். அவனுக்கு வெண்கலச் சிலையும் எழுப்பப்பட்டது. சிலை வைப்பது எனக்குப் பொதுவாகப் பிடிக்காத காரியம். எமது அரசியலில் சிலைகளும் கல்லறைகளும் என்ன பாடுபட்டன என்று பார்த்தவர்கள் நாம். எனினும் இங்கு ஒரு வித்தியாசம் இருக்கிறது. இரத்த உறவோ சட்ட உறவோ இல்லாதவர்கள், அழுவதற்கான உரித்தைத் தாமே எடுத்துக்கொண்டார்கள். மரண அறிவித்தலின் ‘சகோதரன்’ என்ற வரியை அவர்கள் நிரப்பினார்கள்.

இதற்கு வளர்ப்புப் பெற்றோர் தரப்பிலிருந்து வரும் மறுப்பு எனக்குத் தெரியும். தாமும் ஏமாற்றப்பட்டவர்களே, காகிதத்தில் இருந்ததைத்தான் நம்பினோம் என்பார்கள். பலரைப் பொறுத்தவரை அது உண்மை. ஆனால் 1990களிலிருந்தே, வளர்ந்த தத்துப்பிள்ளைகள் சியோலுக்குத் திரும்பிப்போய், தெருவில் கண்டெடுக்கப்பட்டதாக எழுதப்பட்ட தமக்கு அம்மாவும் மாமாவும் தங்கைகளும் இருப்பதைக் கண்டுபிடித்து எழுதிவருகிறார்கள். ஜேன் ஜியோங் ட்ரெங்காவின் ‘இரத்தத்தின் மொழி’ 2003இல் வந்துவிட்டது. அதற்குப் பிறகும் ‘பெற்றோர் இல்லை’ என்ற வசனத்தை அப்படியே பிரதி செய்யும் ஒரு நினைவுக் குறிப்பை வெறும் அறியாமை என்று விட்டுவிட முடியாது. இறந்த மகனைத் தமக்கு மட்டுமே உரியவனாக வைத்துக்கொள்ள அந்த வசனம் உதவுகிறது. துயரத்தில் இருப்பவர்களிடம் இதைச் சொல்வது கொடுமை என்று நினைப்பவர்களோடு நான் வாதிடத் தயார். பிரசுரிக்கப்பட்ட துயரம் ஒரு பிரதி. பிரதி என்றால் வாசிப்புக்கு உட்பட்டது.

இது எமக்கு ஏன் என்று கேட்கும் நண்பர்களுக்கு ஒரு தகவல். 1973க்கும் 1997க்கும் இடையில் இலங்கையிலிருந்து 881 பிள்ளைகள் சுவிற்சர்லாந்துக்குத் தத்தாக வந்தார்கள். நெதர்லாந்துக்கு வந்தவர்கள் அதைவிடப் பல மடங்கு. கோப்பில் தாயாகக் கையெழுத்திட்ட பெண் தாயே அல்ல, பணம் கொடுத்து நடிக்கவைக்கப்பட்டவள் என்பது பலருடைய விடயத்தில் நிரூபணமாகிவிட்டது. இலங்கை உட்பட ஐந்து நாடுகளிலிருந்து நடந்த தத்தெடுப்புகளை ஆராய்ந்த குழுவின் அறிக்கைக்குப் பின், 2021இல் நெதர்லாந்து வெளிநாட்டுத் தத்தெடுப்பையே இடைநிறுத்தியது. நாம் அகதி விண்ணப்பத்தோடு வந்திறங்கிய அதே வருடங்களில், அதே நிலையங்களில் இவர்களும் இறங்கினார்கள். எமது இலக்கியச் சந்திப்புகளில் ஒரு அமர்வாவது இவர்களைப் பற்றி நடந்ததாக எனக்கு நினைவில்லை.

கொரியர்களிடம் ஒரு பழமொழி உண்டு. பெற்றோர் இறந்தால் மலையில் புதைக்கிறோம், பிள்ளை இறந்தால் நெஞ்சில் புதைக்கிறோம் என்பார்கள். மணமாகாமல் இறந்த மகனுக்கு மரபான மூதாதையர் சடங்கில் இடமில்லாத சமூகம் அது. அவன் அமைதியற்ற ஆவியாக அலைவான் என்று நம்பினார்கள். அந்தப் பழமொழிகூட, பிள்ளை இறந்தது தாய்க்குத் தெரியும் என்ற எடுகோளில்தான் நிற்கிறது. இந்தத் தாய்மாருக்கு அறிவிக்கும் கடமை யாருக்கு இருந்தது? காகிதத்தின்படி பார்த்தால் அப்படி ஒரு தாயே கிடையாது.

2020இலிருந்து வெளிநாடுகளிலுள்ள கொரியத் தூதரகங்களில் தத்துப்பிள்ளைகள் மரபணு மாதிரி கொடுக்கலாம். பிள்ளையைத் தேடும் தாய்மார் கொரியாவில் பொலிஸ் நிலையத்தில் கொடுக்கலாம். இரண்டும் பொருந்தினால் அழைப்பு வரும். எழுபது வயதைத் தாண்டிய பெண்கள் இதற்காக வரிசையில் நிற்கிறார்கள். 2020க்கு முன்னரே இறந்துவிட்ட பையன்களின் மாதிரி அங்கே இல்லை. வளர்ப்புப் பெற்றோரின் இரத்தம் அதற்கு உதவாது. ஆனால் அவர்களுடைய மேசை லாச்சியில் ஒரு கோப்பு இருக்கிறது. அதில் ஒரு இலக்கமும், அனுப்பிய நிறுவனத்தின் பெயரும், வந்த திகதியும், வரும்போது எடுத்த படமும் இருக்கின்றன. இவற்றைக் கொரிய மொழியில் இரண்டு பக்கமாக எழுதி, இந்தப் பிள்ளை இன்ன திகதியில் இன்ன ஊரில் இறந்தான், இன்ன இடத்தில் அடக்கம் செய்திருக்கிறோம், பிறந்த திகதி என்று எமக்குச் சொல்லப்பட்டது சரியோ தெரியாது என்று சியோலில் ஒரு பத்திரிகையில் போடலாம். பிறப்பிடம் என்ற இடத்தில் ஒன்றும் எழுதவேண்டியதில்லை.